கரம் பவுடர் ஒரு சிட்டிகை

பந்தியில் ஒருவர் "காணும்" என்று சொன்னால் அதை நம்பாமல் இன்னும் ஒரு அகப்பை சோறு வைக்கிற ஊரில் பிறந்தவள் நான். யாழ்ப்பாணத்தில் போதும் என்பதற்குக் காணும் என்போம். முதல் தரம் காணும் என்பது மரியாதைக்கு. இரண்டாம் தரம் வெட்கத்துக்கு. மூன்றாம் தரமும் சொன்னால்தான் வயிறு நிரம்பியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம், அப்போதும் முழுக்க நம்பமாட்டோம்.

என்னோடு வேலைசெய்த ஒரு அக்கா முதல் தரமே உண்மையைச் சொல்லிவிடுவார். தட்டுக்கு மேலே கையை விரித்து மூடிக்கொண்டு "காணும்" என்பார். அதையும் மீறி ஒரு கரண்டி வைத்தீர்களானால், அதை அப்படியே எடுத்து உங்கள் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, எதுவும் நடக்காததுபோல மிச்சத்தைச் சாப்பிடுவார். எனக்கு அது இரண்டு தரம் நடந்தது. முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. நான் கதைக்காததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதியை. ஆக்லாந்தின் வடமேற்கு ஓரம், மாசி என்கிற இடத்தில், பழமரக் கன்றுகள் வளர்த்துக் கடைகளுக்கு அனுப்புகிற ஒரு நர்சரி. பிளாஸ்டிக் போர்த்த நீளமான கூடாரங்கள் ஆறு இருந்தன. அதில் மூன்று முழுக்க எலுமிச்சை. சட்டிக்குக் கலவை நிரப்புவது, கன்று மாற்றி வைப்பது, உரம் போடுவது, களை பிடுங்குவது எல்லாம் நாங்கள் பெண்கள்தான். நான் நாலு வருடம் நின்று பிடித்து, ஒன்பது பெண்களுக்கு மேற்பார்வையாளராக ஆகியிருந்தேன். என் கணவர் போகிற வீடுகளில் எல்லாம் "இவ சுப்பவைசர்" என்று சொல்லி மகிழ்வார். உண்மையில், மேனேஜர் எதைச் சொன்னாலும் முதல் ஆளாகத் தலையாட்டுவதுதான் என்னுடைய வேலை. அதை நான் திறமாகச் செய்தேன்.

அந்த அக்கா எனக்குக் கீழே வேலைக்கு வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு இருக்கும். நகரத்தின் மறுகோடி, மனுரேவாவில் இருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருவார். மழைநாளில் பாவம் பார்த்து, வீடுவரை காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால், "ஸ்டேசன் காணும்" என்பார். ஸ்டேசனைத் தாண்டி ஒரு சிக்னல் லைட் வரைக்கும் நான் ஓட்டிவிட்டால், அந்த லைட்டிலேயே கதவைத் திறந்து இறங்கிவிடுவார். இலங்கையில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் பதினைந்து வருடம் மண்ணும் இலையும் பார்த்தவர் என்பது எனக்கே ஆறேழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தச் சான்றிதழை இங்கே யாரும் ஏற்கவில்லை. "அவைக்கு விளங்கேல்லை" என்பதோடு அந்தக் கதையை முடித்துக்கொள்வார். அழுது பார்த்ததில்லை. குறைசொல்லிக் கேட்டதும் இல்லை.

எங்களோடு வேலைசெய்த செல்வி திருச்சிக்காரி. வாய் ஓயாது. அவள்தான் அவருக்குக் காணும் அக்கா என்று பெயர் வைத்தாள்.

"ஏன்க்கா, வாழ்க்கையில ஒரு நாளாச்சும் இன்னும் கொஞ்சம் வேணும்னு கேட்டிருக்கீங்களா?" என்று ஒருநாள் சாப்பாட்டு அறையில் சீண்டினாள்.

"தேவை வந்தால் கேப்பன்" என்றார் அவர். செல்வி சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது பகிடி இல்லை என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கழுத்தில் ஒரு கறுப்பு நூல் கட்டியிருப்பார். பார்ப்பவர்கள் கோயில் நூல் என்று நினைப்பார்கள். அதன் நுனியில் தொங்குவது ஒரு சின்ன லென்ஸ். இலையைத் திருப்பி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, இலையைக் கிட்டக் கொண்டுவருவார். மனிதரைப் பார்ப்பதைவிட இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு விருப்பம் இருந்தது. இலை பொய் சொல்லாது என்ற மாதிரியான வசனமெல்லாம் அவர் பேசமாட்டார். பார்ப்பார், திருப்பி விடுவார், அடுத்த சட்டிக்குப் போவார்.

எப்சம் என்கிற பகுதியில் வசதியான ஒரு வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள். என்னையும் காணும் அக்காவையும் அழைத்திருந்தார்கள். நல்ல பள்ளிக்கூடத்துக்காக அந்த வட்டாரத்தில் வீடு வாங்கிய குடும்பம். வீட்டுக்காரி நல்ல மனுசிதான், ஆனால் இரக்கப்படுவதில் ஒரு சந்தோசம் காண்கிறவர். நிறையப் பேர் இருக்கிற இடத்தில் காணும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு படிச்சுப்போட்டு இப்ப சட்டிக்கு மண் அள்ளுறீங்களே அக்கா, கேக்கவே அந்தரமாக் கிடக்கு" என்றார்.

"சட்டியில நிக்கிற கன்றும் படிச்ச ஆளைத்தான் தேடுது" என்று கையை உருவிக்கொண்டார் அவர்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கதையை மாற்றுவதற்காக வீட்டுக்காரி எங்களைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் எலுமிச்சை மரத்தைக் காட்டினார். கரும்பச்சை இலை, அடர்த்தி, பார்த்தால் கண் படும். காயும் பெரிசு. "கிழமைக்கு ஒருக்கா உரம் போடுறன் அக்கா. ஆனால் பிழிஞ்சால் ஒரு சொட்டுச் சாறு வருகுதில்லை. இன்னும் கொஞ்சம் போடவோ?" என்று கேட்டார். காணும் அக்கா ஒரு காயைப் பிடுங்கி, கேக் வெட்டிய கத்தியை வாங்கிக் குறுக்கே வெட்டினார். தோல் மட்டும் என் சின்ன விரல் தடிப்பு. நடுவில் சக்கை.

"தோல் தடிச்சு சாறு வத்திப்போச்சு. இதுக்கு வருத்தம் பசி இல்லை. நீங்கள்தான்."

வீட்டுக்காரியின் முகம் சுருங்கியது. எனக்குத் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. காரில் ஏறியதும், "அக்கா, கொஞ்சம் நயமாச் சொல்லியிருக்கலாமே" என்றேன். "நயமாச் சொன்னால் இன்னும் ஒரு கரண்டி போடுவா. மரம் சாகும்" என்றார். அன்றைக்கு அவரைத் திமிர் பிடித்தவர் என்று என் கணவரிடம் திட்டித் தீர்த்தேன். இன்றைக்கு அந்த வசனத்தை நானே பல இடத்தில் சொல்கிறேன், அவருடைய பெயரைச் சொல்லாமல்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

அந்த வருடம் எலுமிச்சைக் கன்றுகளைப் புதுக் கலவையில் நட்டோம். முந்தி மரப்பட்டைத் தூளில் நடுவது. மேனேஜர் அதைக் குறைத்து, பாதிக்குப் பாதி மரத்தூள் சேர்த்தார். பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களுக்குப் பலகை அறுத்துக் கொடுக்கும் ஒரு பட்டறையில் இருந்து அது சும்மா கிடைத்தது. லொறி லொறியாக வந்து கொட்டினார்கள். பொன்னிறம், நல்ல வாசம். நாங்களும் சந்தோசப்பட்டோம், அள்ளுவதற்குப் பாரம் குறைவு.

தை மாதம், இங்கே கடும் கோடை, கன்றுகளின் இலைநுனி மஞ்சளாகத் தொடங்கியது. மேனேஜர் வந்து பார்த்தார். பசி என்றார். சட்டிக்கு ஒரு கரண்டி உரம் கூடப் போடச் சொன்னார். நான் தலையாட்டினேன். எல்லாரும் போட்டார்கள். காணும் அக்கா மட்டும் வெறும் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தன் மேசைகளுக்கு முன்னால் நின்றார்.

"இது பசி மஞ்சள் இல்லை. நான் போடமாட்டன்."

"அக்கா, அவர் சொல்லிப்போட்டார்."

"அவர் சொன்னது அவருக்கு. கன்று சொல்லுறது எனக்கு. நீர் போய்ச் சொல்லும், நான் போடேல்லை எண்டு."

நான் போய்ச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னுடைய முன்வரிசை மேசைகளில், மேனேஜர் சொன்ன ஒரு கரண்டிக்கு மேல், நானாக இன்னுமொரு கரண்டி வைத்தேன். யாரும் சொல்லவில்லை. வாடி நின்ற கன்றுகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கை தானாகப் போனது. சாப்பாட்டு அறையில் அவரிடம் தோற்ற கை, கூடாரத்தில் வாயில்லாத கன்றிடம் வென்றுவிட்டது. மேனேஜர் அந்த நேரம் கூடார வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

இரண்டு கிழமை, பதினாலே நாளில், மூன்று கூடாரமும் போய்விட்டது. மஞ்சள் நுனியில் இருந்து ஓரத்துக்கு இறங்கி, நுனி கருகி, முதிர்ந்த இலைகள் கொட்டத் தொடங்கின. வசந்தத்துக்குக் கடைகளுக்குப் போகவேண்டிய கன்றுகள். எல்லாப் பெண்களும் கேட்க, உன் பிழைதான் என்று சொல்லி, மேனேஜர் என்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு கடிதம் அடித்து வைத்திருந்தார். என்னுடைய கவனக்குறைவால் அளவுக்கு மீறி உரம் போடப்பட்டுக் கன்றுகள் அழிந்தன என்று நான் ஒத்துக்கொள்கிறேன், இன்னொரு பிழை விட்டால் வேலையை விட்டு நிறுத்தலாம் என்று அதில் இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

மேனேஜர் கெட்டவர் இல்லை. தானும் பிழை விடக்கூடும் என்ற யோசனை ஒருநாளும் வராத ஆள், அவ்வளவுதான்.

என் நிலைமையையும் சொல்லவேண்டும். என் தங்கச்சி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் பதினொரு மாதமாக இருந்தாள். அவளை இங்கே எடுப்பதற்கு விசாப் பத்திரங்கள் எல்லாம் தயார். ஒன்றுதான் குறை. நான் நிரந்தர வேலையில் இருக்கிறேன் என்று வேலைத்தலத்தில் இருந்து ஒரு கடிதம். அதை மேனேஜர் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சிரித்தமுகமாகவே சொன்னார்: "இதில் கையெழுத்து வை. உன் தங்கைக்கான கடிதத்தை அன்றைக்கே தருகிறேன். நான் மூன்று கிழமை மீன்பிடிக்கப் போகிறேன். வந்ததும் முடித்துக்கொள்வோம்."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மனதுக்குள் அப்போதே கையெழுத்து வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்த மேலதிகக் கரண்டியைப் போட்டவள் நான். ஒரு கூடாரத்தில் ஒரு வரிசைக்குத்தான் போட்டேன், ஆனால் குற்றமுள்ள நெஞ்சுக்கு அந்தக் கணக்கெல்லாம் வராது.

சாப்பாட்டு அறையில் காணும் அக்காவிடம் சொன்னேன். செல்வியும் இருந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னேன், அடங்கவில்லை.

அவர் "வாரும்" என்று எழும்பிப் போனார். கூடாரத்தில் என்னுடைய முன்வரிசையில் ஒரு கன்று, தன்னுடைய மேசையில் ஒரு கன்று, இரண்டையும் சட்டியோடு தூக்கிவந்து பக்கத்தில் வைத்தார்.

"நான் ஒரு கரண்டியும் போடேல்லை. நீர் ரெண்டு கரண்டி போட்டனீர். வித்தியாசம் காட்டும் பாப்பம்."

வித்தியாசம் இல்லை. இரண்டும் ஒரே மாதிரி நுனி கருகி நின்றன. ஒரு கன்றைச் சட்டியில் இருந்து உருவி வேரைக் காட்டினார். வெள்ளை வேர். "உரம் கூடிச் சுட்டிருந்தால் வேர் மண்ணிறமாக் கருகியிருக்கும்." பிறகு லென்ஸை என் கையில் தந்து, இலையைத் திருப்பிப் பிடித்தார். அடிப்பக்கத்தில் மண்ணிறப் புள்ளிகள், பிசின் கசிந்து காய்ந்ததுபோல. "பசி எண்டால் இந்தப் பிசின் வராது. இது நஞ்சு ஏறினது. போரான்."

எனக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. செல்விக்கும் விளங்கவில்லை. அவர் கொஞ்சம் யோசித்தார்.

"உம்மட மனிசன் கரம் விளையாடுறவரெல்லே? காய் சுண்டுற கரம் போர்ட்டில ஒரு வெள்ளைப் பவுடர் தூவுறவை. போரிக் பவுடர். அதுக்குள்ள இருக்கிறதுதான். துளி இருந்தால் கன்றுக்கு நல்லம். துளிக்கு மேல போனால் முதிர்ந்த இலையின்ர நுனியில போய்ச் சேரும். சேர்ந்தது திரும்பி வராது."

"அதை யாருக்கா இங்க கொண்டுவந்து போட்டா?" என்றாள் செல்வி.

"மரத்தூளில வந்தது. வீடு கட்டுற பலகையைப் பூச்சி துளைக்காமல் இருக்க இந்த மருந்திலதான் ஊறவைக்கிறவை. அந்தப் பலகையை அறுத்த தூள்."

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அடுத்த நிமிடமே பழைய பயம் வந்துவிட்டது. "சரி அக்கா, விளங்குது. ஆனால் ஆர் எங்களை நம்பப் போகினம்? நான் கையெழுத்தை வைச்சிட்டுப் போறன். தங்கச்சி வந்து சேர்ந்தால் காணும்."

காணும் என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. முகம் இறுகிவிட்டது.

"செய்யாத பிழைக்குக் கையெழுத்து வைச்சால், அடுத்த பிழைக்கு உம்மைக் கேக்கவும் மாட்டினம். மூண்டு கிழமை இருக்கு. பேனையைத் தொடாதையும்."

அடுத்தநாள் நாலு ஐஸ்கிரீம் பெட்டிகளோடு வந்தார். இரண்டு லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி, இந்த ஊரில் ஐஸ்கிரீம் முடிந்தபிறகு எல்லார் வீட்டிலும் மிளகாய்த்தூள் இருக்கிற பெட்டி. அடியில் ஓட்டை போட்டிருந்தார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், கரம் பவுடர். அன்று மாலை வீட்டில் தகரத்தை எடுத்தபோது என் கணவர், "ஞாயிற்றுக்கிழமை போட்டி கிடக்கு, போர்ட் ஓடாதே!" என்று கத்தினார். "உங்கட போர்ட் ஓடாட்டில் பரவாயில்லை. என்ர தங்கச்சியின்ர பிளேன் ஓடவேணும்" என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிசாக இருந்தது.

முதல் பெட்டியில் பழைய கலவை மட்டும். இரண்டாவதில் பழைய கலவையும் நான் போட்ட இரண்டு கரண்டி உரமும். மூன்றாவதில் மரத்தூள் சேர்த்த புதுக் கலவை. நாலாவதில் பழைய கலவையில் ஒரு சிட்டிகை கரம் பவுடர். சிட்டிகைக்கு நான் கொஞ்சம் தாராளமாக அள்ளினேன். என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டிவிட்டு, "காணும்" என்றார். நாலிலும் போஞ்சி, பீன்ஸ் விதை, ஊன்றினார். எலுமிச்சையைவிடப் போஞ்சி கெதியாகக் காட்டிக்கொடுக்கும் என்றார். சாப்பாட்டு அறை யன்னலில் வரிசையாக வைத்தோம்.

அந்த மூன்று கிழமையும் நான் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. யன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் எல்லாம் முளைத்தன. நாலும் ஒரே பச்சை. நான் பெட்டிகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். அவர் தன் இடியப்பத்தை எண்ணிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்தாம் நாளும் பச்சை. "அக்கா, பிழைச்சுப் போச்சோ?" என்றேன். அவர் பெட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனார். பதின்மூன்றாம் நாள் காலை செல்விதான் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, மூணும் நாலும் மஞ்சளாயிருச்சு! ஓரமெல்லாம்! ரெட்டப் புள்ளங்க மாதிரி!"

மூன்றாவதும் நாலாவதும் ஓரம் மஞ்சளாகி, பிறகு கருகின. முதலாவது பச்சை. என் இரண்டு கரண்டி விழுந்த இரண்டாவது கொஞ்சம் மதாளித்துக் கொழுத்து நின்றதே தவிர, ஒரு புள்ளி மஞ்சள் இல்லை. அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று செல்வி இன்றைக்கும் சொல்வாள். கட்டிப்பிடிக்கவில்லை. அழுதது உண்மை.

மேனேஜர் வெயிலில் சிவந்துபோய் வந்தார். காணும் அக்கா வேலை தொடங்கும் முன்பே நாலு பெட்டியையும் அவருடைய மேசைமேல் வரிசையாக வைத்தார். நான் பின்னால் நின்றேன், செல்வி கதவோரம். காணும் அக்காவின் ஆங்கிலம் மெதுவானது, பரிசோதனைக் கூடத்து ஆங்கிலம், ஒரு சொல்லும் வீண்போகாது. இது வெறும் கலவை, இது உரம், இது உங்கள் மரத்தூள், இது போரிக் பவுடர் என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பிறகு வெள்ளை வேரோடு கன்று. பிறகு லென்ஸ்.

"போஞ்சி எலுமிச்சை இல்லையே" என்றார் மேனேஜர்.

"அதனால்தான் இலையையும் கொண்டுவந்தேன். திருப்பிப் பாருங்கள்."

மேனேஜர் லென்ஸ் வழியாக நெடுநேரம் பார்த்தார். பட்டறைக்கு எங்கள் முன்னாலேயே போன் எடுத்தார். எந்தப் பலகை அறுக்கிறீர்கள், மருந்து ஊறியதா என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய கழுத்து இன்னும் சிவந்தது. போனை வைத்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து, என்னுடைய கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"சரி. முடிந்தது. போதும்தானே?"

எனக்குப் போதும். கடவுளே, எனக்கு மிச்சம் மீதி எல்லாம் போதும். நான் தலையாட்டத் தொடங்கிவிட்டேன்.

"காணாது" என்றார் காணும் அக்கா.

தமிழில்தான் வந்தது. அந்த ஒரு வருடத்தில் அவருடைய வாயில் இருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டதில்லை. செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஆங்கிலத்தில், அதே மெதுவான குரலில், "போதாது" என்று சொல்லி, மடித்த தாள் ஒன்றை விரித்து மேசையில் வைத்தார். நேரான கையெழுத்தில் நாலு வரி. கன்றுகள் கெட்டது மருந்து ஊறிய மரத்தூளால். வேலைசெய்த பெண்கள் யாரும் இதற்குப் பொறுப்பில்லை. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மேனேஜரின் பெயர். பேனையையும் மூடி கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"எல்லாரும் கேட்கத்தான் இவளைக் குற்றம் சொன்னீர்கள். இதையும் எல்லாரும் பார்க்கவேண்டும். தங்கைக்கான கடிதமும் இன்றைக்கு வேண்டும்."

மேனேஜர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு வழக்கப்படி குனியத்தான் வந்தது. குனியவில்லை. வெளியில் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டது. மேனேஜர் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். தங்கச்சியின் கடிதம் அன்று பின்னேரம் நாலு மணிக்கு என் கையில் இருந்தது. அந்த நாலு வரித் தாளைக் காணும் அக்கா சாப்பாட்டு அறைச் சுவரில், தேநீர்க் கேத்திலுக்கு மேலே, நாலு ஊசி குத்தி மாட்டினார். பிழைத்த கன்றுகளை எல்லாம் வேர் கழுவி, பழைய கலவைக்கு மாற்றினோம். பாதிக்கு மேல் தப்பியது.

நான் நன்றி சொன்னேன். ஒரு தரம் கேட்டார். இரண்டாம் தரம் தொடங்கும்போது கையை விரித்தார்.

குளிர்காலத்தில் வேலை குறைவு. பாதிப்பேரை நிறுத்திவிட்டு, ஆவணியில் திரும்பக் கூப்பிடுவார்கள். காணும் அக்காவையும் நிறுத்தினார்கள். தங்கச்சி அதற்குள் வந்து சேர்ந்துவிட்டாள். விமான நிலையத்தில் அவளைக் கண்டதும் நான் போட்ட சத்தம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுவோம். ஆவணியில் மேனேஜர் என்னிடம் திரும்பக் கூப்பிட வேண்டியவர்களின் பட்டியல் எழுதித் தரச் சொன்னார். "அந்த விஞ்ஞானியை விட்டுவிடு. இருக்கிற ஆட்கள் போதும்" என்றார்.

நான் முதலாவதாகக் காணும் அக்காவின் பெயரை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் வெட்டினார். திருப்பி வாங்கி, கடைசியில் எழுதினேன். அதையும் வெட்டினார். மூன்றாம் தரம் நடுவில், பெரிய எழுத்தில் எழுதி, "இவர் இல்லாத பட்டியலில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். என் பெயரையும் வெட்டிவிடுங்கள்" என்றேன். ஐந்து வருடத்தில் அந்த மனிதரின் முகத்துக்கு நேரே நான் சொன்ன முதல் மறுப்பு. அவர் பெருமூச்சு விட்டுப் பட்டியலைக் கோப்புக்குள் வைத்தார்.

அன்று போனில் காணும் அக்காவுக்கு இதை வீரக்கதையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூண்டு தரமோ? ஒருக்கா எழுதிப்போட்டு நிண்டிருந்தால் காணும்" என்றார். பிறகு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை வந்தார். கழுத்தில் கறுப்பு நூல், கையில் அதே சின்னச் சாப்பாட்டுப் பெட்டி. சாப்பாட்டு அறைக்குள் வந்ததும் கேத்திலுக்கு மேலே பார்த்தார். சுவர் வெறுமையாக இருந்தது. குளிர்காலத்தில் யாரோ தாளைக் கழற்றிவிட்டார்கள், ஊசிகூட இல்லை. எனக்குத் திக்கென்றது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அவர் பையைத் திறந்து அதே நாலு வரியின் போட்டோக் கொப்பி ஒன்றை எடுத்து, மேனேஜரின் கையெழுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நேராகப் பிடித்து, பழைய ஓட்டைகளிலேயே ஊசியைக் குத்தினார்.

"இதையும் கிழிச்சால் என்னக்கா செய்வியள்?" என்றேன்.

பையின் வாயை என் பக்கம் விரித்துக் காட்டினார். உள்ளே அதே தாளின் கொப்பிகள், இரண்டு விரல் தடிப்பில் ஒரு கட்டு.

"இது மட்டும் கொஞ்சம் கூடத்தான் எடுத்து வைச்சிருக்கிறன்" என்றார்.